கடைசி டிரிப்பருக்குத் தண்ணீர் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் பலருக்கு மதுராந்தகம், செய்யூர், வந்தவாசிப் பக்கம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அப்பா விட்டுச்சென்றதாக இருக்கும். இல்லாவிட்டால் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஆசையாக வாங்கியதாக இருக்கும். என் குடும்ப நிலத்துக்கு நானே வட்டார அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சொட்டுநீர் போட்டு முடித்தவன் என்பதால், அடுக்ககப் படிக்கட்டிலும் அண்ணா நூற்றாண்டு நூலகத்து வாசலிலும் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பையில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். தாள்களைப் புரட்டியதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். போடக்கூடாத இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடுத்திருப்பார்.

சமீபத்தில் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டரை ஏக்கர், பாதியில் மல்லிகை, பாதியில் கத்தரி. ஊரில் ஒரு ஏஜென்ட், "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க டீச்சர், மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லி, பதிவுச் செலவு என்று 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ரசீது கிடையாது. குழாய் வந்தது, ஃபில்டர் வரவில்லை. ஆனால் 'கருவிகள் முழுமையாகப் பொருத்தப்பட்டன, எனக்குத் திருப்தி' என்று அச்சிட்ட தாளில் அவருடைய கையெழுத்து நான்கு மாதத்துக்கு முன்பே ஏறியிருக்கிறது.

அந்த 18,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அவர் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு 75 சதவீதம், பன்னிரண்டரை ஏக்கர் வரை. 2015-இல் தொடங்கிய பிரதமரின் கிருஷி சிஞ்சாயி யோஜனாவின் 'துளி நீரில் அதிக பயிர்' பிரிவு இது. இப்போது ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனாவுக்குள் இருக்கிறது. ஒன்றிய அரசு சிறு விவசாயிக்கு 55 சதவீதம்தான் நிர்ணயித்திருக்கிறது, மீதியைத் தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து போடுகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

நூறு சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகு விலைக்கு உட்பட்டது. பயிர் இடைவெளியைப் பொறுத்து அந்த விலை மாறும். இருபத்தைந்து அடிக்கு ஒரு தென்னைக்குக் குழாய் குறைவு, நெருக்கி நடும் கத்தரிக்கு அதிகம். விலைப்புள்ளியில் இல்லாத ஏதாவது கூடுதலாக வேண்டுமென்று நீங்களே கேட்டால் அதற்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ரசீதோடு. ஜி.எஸ்.டி. பங்கு என்று சிறு விவசாயியிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த வரியையும் அரசே ஏற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தும்விட்டது.

இனி அலுவலகம். சென்னையில் இருப்பவர்கள் நேராகச் சேப்பாக்கத்திலுள்ள இயக்குநரகத்துக்குப் போகிறார்கள், அல்லது பக்கத்தில்தானே என்று நந்தனத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறார்கள். இரண்டு இடத்திலும் உங்கள் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். நிலம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அந்த வட்டார அலுவலகம்தான் உங்கள் அலுவலகம். காய்கறி, பழம், பூ, வாழை, மஞ்சள் என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர். கரும்பு, நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம், தென்னை என்றால் வேளாண்மை உதவி இயக்குநர். பல வட்டாரங்களில் இரண்டு பேரும் ஒருங்கிணைந்த வேளாண் விரிவாக்க மையம் என்ற ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் தென்னைக்காரரைத் தோட்டக்கலையில் ஒரு மாதம் காக்க வைத்துவிட்டு, 'இது எங்க பயிர் இல்லையே' என்று சொன்ன அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த மேசைக்கு அனுப்ப ஒரு மாதமா? போகும்போதே பயிரைச் சொல்லி, யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அவர் பெயரையும் பதவியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு எல்லாம் மிமிஸ் என்ற இணையதளம் வழியாகத்தான். உழவன் செயலியிலிருந்தும் பதியலாம். நீங்களே பதியுங்கள். கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுப் பதிந்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் குறுஞ்செய்தியும் ஓ.டி.பி.யும் அவரிடம்தான் போகும். உங்கள் நிலத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தாள்களில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். கணினிச் சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை அறிக்கை, இவற்றோடு வட்டாட்சியர் தரும் சிறு/குறு விவசாயிச் சான்றிதழ். சிட்டாவும் புல வரைபடமும் அரசின் நில ஆவண இணையதளத்தில் இலவசமாகவே இறங்கும். சிறு விவசாயிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் போதும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். நடுவில் யாரையும் 'கவனிக்க' வேண்டியதில்லை. இந்தச் சான்று இல்லாமல் போனால் உங்களைப் பெரிய விவசாயி கணக்கில் எழுதி 25 சதவீதம் கட்டச் சொல்வார்கள். இரண்டு ஏக்கர்காரர்கள் சான்று வாங்க அலுத்துக்கொண்டு அந்தப் பணத்தைக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது என்பது அடுத்த தொல்லை. நம் பகுதியில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது பத்திரங்களைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. 'தாள் போச்சு, இனி என்ன செய்ய' என்று பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகல் பதிவுத்துறையில் கிடைக்கும். நிலம் உள்ள ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். ஆவண எண் மறந்துபோயிருந்தால் முதலில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று எடுங்கள், அதில் எண் இருக்கும். அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். அதன் பிறகு பட்டா மாறுதல். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்ளவில்லை என்றால் எல்லோர் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம், உட்பிரிவு தேவைப்படாது. பிரித்துவிட்டீர்கள் என்றால் உட்பிரிவுடன் விண்ணப்பியுங்கள், சர்வேயர் வந்து அளப்பார். கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் சொட்டுநீர் போடுவதானால் மற்றவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். குழாய் இறங்கிய பிறகு சித்தப்பா வந்து வேலையை நிறுத்திய கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும். 2025-இல் தொடங்கிய விவசாயிகள் தனி அடையாள எண் பதிவுக்கும் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஆகவே இந்த வேலையை இன்னும் தள்ளிப்போட வழியில்லை.

நிலம் உங்களுடையது, உழுபவர் வேறொருவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குத்தகைக்காரர் தன் பெயரில் மானியம் பெறக் குறைந்தது 7 ஆண்டுக்கான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்தாக வேண்டும். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து நிலக்காரர்கள் பின்வாங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதனால் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் இருப்பதும், உழுபவர் கடன் வாங்கி வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிப் பாதியை மண்ணுக்குக் கொடுப்பதும் என்ன நியாயம்? நீங்களே உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். நிலத்தை அளக்கவரும் நாளிலும் இறுதி ஆய்வு நாளிலும் வயலில் நேரில் நில்லுங்கள். கோட்டூர்புரத்திலிருந்து மதுராந்தகம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு நாளை ஒதுக்க முடியாதவர்தான் பிறகு இருபது நாள் அலைகிறார்.

பதிவுக்குப் பின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. அரசு அங்கீகரித்த பட்டியலில் பல நிறுவனங்கள் உண்டு. 'இந்தக் கம்பெனிதான் இந்த வட்டாரத்துக்கு' என்று அலுவலகத்திலேயே யாராவது சொன்னால், அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். ஊரில் ஏற்கெனவே போட்டவர்களின் வயலுக்குப் போய், பழுது என்று கூப்பிட்டால் எந்த நிறுவனத்தின் ஆள் வருகிறார் என்று விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு இலவசப் பராமரிப்புச் சேவை தருவது அவர்கள் கடமை. தமிழில் கையேடும் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தின் ஆள் வயலை அளந்து வரைபடமும் விலைப்புள்ளியும் போடுவார். அதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். சரக்கு வந்து இறங்கும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எத்தனை மீட்டர் மெயின், எத்தனை மீட்டர் சப்-மெயின், லேட்டரல் எத்தனை சுருள், ஃபில்டர் எந்த வகை. லேட்டரல் குழாயில் ஐ.எஸ். 12786, உள்ளேயே டிரிப்பர் பதித்த இன்லைன் குழாயில் ஐ.எஸ். 13488, தனி டிரிப்பருக்கு ஐ.எஸ். 13487, வலை ஃபில்டருக்கு ஐ.எஸ். 12785. இந்த எண்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாத குழாயை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள், இறக்கிவிட்டால் திருப்பி ஏற்றவைப்பது பெரும்பாடு.

ஃபில்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறார்கள். டிரிப்பரின் துளை குண்டூசி முனை அளவுதான். போர் தண்ணீரில் மணல் வந்தால் மணல் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். திறந்த கிணறு, குட்டைத் தண்ணீர் என்றால் பாசி வரும், அதற்கு மணல் ஃபில்டர் வேண்டும். வெறும் வலை ஃபில்டரை மட்டும் மாட்டிவிட்டுப் போனால் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். கிணறா போரா என்று விலைப்புள்ளியில் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்வது. நிறுவனத்துக்கு அரசு பணம் விடுவிப்பது, நிலத்தில் கருவி பொருத்தி ஓட்டிக்காட்டி, அதிகாரி ஆய்வு செய்து, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கையெழுத்து. அதை விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே மற்றத் தாள்களோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். 'எல்லாம் ஒரே செட் சார்' என்பார்கள். ஒரே செட் கிடையாது. தேதி இல்லாத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம், நிதியாண்டு முடிகிறது, மார்ச் 31-க்குள் காட்டவேண்டும் என்று அதிகாரியே கெஞ்சினாலும் போடாதீர்கள். நிதியாண்டு அவருடைய கவலை.

எப்போது போடலாம்? ஒரு அளவு டம்ளரும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். மோட்டாரை ஓட்டி, எல்லா வரியிலும் தண்ணீர் நிறைந்து அழுத்தம் நிலைப்படும்வரை பொறுங்கள். மணிக்கு 4 லிட்டர் தரும் டிரிப்பர் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி வரவேண்டும். மணிக்கு 2 லிட்டர் என்றால் அதே 200 மில்லிக்கு ஆறு நிமிடம். முதலில் சப்-மெயினுக்குப் பக்கத்துச் செடியில் பிடியுங்கள். பிறகு வயலின் கோடியில், கடைசி வரியின் கடைசி டிரிப்பரில் பிடியுங்கள். அங்கே 180 மில்லிக்குக் குறைந்தால் எங்கோ குறை இருக்கிறது. குழாய் அளவு தவறாக இருக்கலாம், வரி நீளம் அதிகமாகியிருக்கலாம், கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்வது போட்டவர் வேலை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருக்கிறதா, வென்சுரி உரத்தை உறிஞ்சுகிறதா, சப்-மெயின் முடிவில் ஃப்ளஷ் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் சரியென்றால் தேதி போட்டு, 'ஓட்டிப் பார்த்தேன்' என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதிய தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி டிரிப்பரில் தண்ணீர் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு என்னிடம் வந்தால் என்னால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

இந்த மானியத்தோடு சேர்ந்த இன்னொரு உதவியைப் பலரும் கேட்பதே இல்லை. துணைநிலை நீர் மேலாண்மைப் பணிகள் என்று அதற்குப் பெயர். பாதுகாப்பான குறுவட்டங்களில் போர் போட 25,000 ரூபாய், மோட்டார் பம்ப்செட்டுக்கு 15,000, தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 வரை, தரைநிலைத் தொட்டிக்கும் உண்டு. சொட்டுநீர் போடுபவருக்குத்தான் இது கிடைக்கும். அலுவலகத்தில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு சர்வே எண்ணுக்கு ஒருமுறை மானியம் கொடுத்தால் அடுத்த 7 ஆண்டுக்கு மீண்டும் கிடைக்காது. 'உங்கள் நிலத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று' என்று கணினி காட்டி, அப்போதுதான் தன் பெயரில் யாரோ பொய்க் கையெழுத்திட்டு வாங்கிவிட்டதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. இப்படி நடந்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வட்டார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இன்ன சர்வே எண்ணுக்குரிய விண்ணப்பம், பணி ஆணை, ஆய்வுப் புகைப்படம், திருப்திச் சான்று, பணம் விடுவித்த உத்தரவு ஆகியவற்றின் நகல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'முழு விவரம் தரவும்' என்று எழுதினால் ஒன்றும் தரமாட்டார்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கைக்கு வந்ததும் மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டக் குற்றப்பிரிவுக்கும் புகார் எழுதலாம்.

தாமதம், இழுத்தடிப்பு என்றால் மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் போடுவார்கள், சம்பந்தப்பட்ட அதிகாரி எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். சென்னையிலிருந்தே தொடங்க வேண்டுமானால் முதல்வரின் உதவி மைய எண் 1100. லஞ்சம் கேட்டால் 1064. கட்டாயத்தால் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்யுங்கள். 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டம் அந்த 7 நாளுக்குள் சொன்னவரைத்தான் காக்கிறது, எட்டாம் நாள் நீங்களும் கொடுத்த குற்றத்துக்கு ஆளாகலாம்.

நிறுவனத்தின் மேல் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கு ஒன்றில் 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 25 சதவீதப் பங்கோ கூடுதல் பணமோ நீங்கள் கட்டியிருந்தால் உங்கள் வழக்கு இன்னும் உறுதி. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். அதாவது நிலம் வந்தவாசியில் இருந்தாலும் கோட்டூர்புரக்காரர் சென்னை மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம், 1915 என்ற எண்ணில் ஒரு புகார். தொலைபேசியில் திட்டியதெல்லாம் சாட்சியாகாது.

போட்ட கருவியைக் காப்பதிலும் நம் ஆட்களின் அலட்சியம் எனக்கு ஆறாத கோபம். வாரம் ஒருமுறை லேட்டரல் முனையில் எண்ட் கேப்பைத் திறந்து தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டினால் கழுவுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து வென்சுரியில் ஊற்றாதீர்கள், நீரில் முழுதாகக் கரையும் உரம் மட்டும்தான். உப்பு படிந்தால் அமிலச் சிகிச்சை, பாசி படிந்தால் பிளீச்சிங் பவுடர். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு உயிரைப் பறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. இதைக் கூலிக்கு வரும் ஆளிடமும் சொல்லுங்கள், கையுறை வாங்கிக் கொடுங்கள். உழவுக்கு முன் குழாயைச் சுருட்டி நிழலில் வையுங்கள். மானியக் குழாயைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் அரசு பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஆசிரியையின் விஷயம் இன்னும் முடியவில்லை. கையெழுத்து ஏற்கெனவே போயிருந்தாலும் இணையதளத்தில் அவருடைய விண்ணப்பம் இன்னும் 'இறுதி ஆய்வு நிலுவை' என்றே காட்டுகிறது. அதாவது பணம் இன்னும் போகவில்லை. ஃபில்டர் பொருத்தவில்லை, ஓட்டிக்காட்டவில்லை, நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு விரைவுத் தபால் அனுப்பியிருக்கிறோம், நகல் ஆட்சியருக்கு. அடுத்த குறைதீர்க்கும் நாளுக்கு அவரோடு நானும் போகிறேன். அளவு டம்ளரை அவரே வாங்கி வைத்திருக்கிறார்.